தனியாக ஆடுவது எப்படி

“ஒத்தையில ஆடுனா ஜெயிக்கிறது யாருடா மருதை?” என்று கேட்டான் கிளமென்ட்.

“நாந்தான்.”

“தோக்குறது?”

“அதுவும் நாந்தான்.”

“அப்ப கை தட்டுறது?”

“அதுக்கெல்லாம் ஆள் தேவையில்ல.”

“தேவையில்லாமயா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டு அவன் எழுந்து போனான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் கேன்டீனில் நடந்த பேச்சு இது. கிளமென்ட்டும் நானும் ஒரே செக்‌ஷனில் ஃபிட்டர்கள். அந்த வாரம்தான் காட்டூரில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பூல் டேபிளை இறக்கியிருந்தேன். நவ்ஷாத் என்று ஒருவர் டவுனில் பூல் பார்லர் நடத்திவந்தார். அதை மூடும்போது, “தூக்கிட்டுப் போயிடுங்கண்ணே, இடம் காலியானாப் போதும்” என்றார். தூக்குவதற்கு எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். டேபிள் உள்ளே வந்ததும் சோபா வராந்தாவுக்குப் போனது. நாங்கள் அடுப்படியில் சாப்பிட ஆரம்பித்தோம். ஒரு பக்கம் சுவர் மிகவும் நெருக்கம். அந்தப் பக்கம் நின்று அடிப்பதற்காக ஒரு ஸ்டிக்கை முழங்கை நீளத்துக்கு அறுத்து வைத்தேன். அதை வைத்து அடிக்கும்போது நான் பல் குத்துவது போல இருக்கும்.

நான் தனிமை விரும்பி. எனக்குக் கூட்டம் ஆகாது. பூல் ஆட்டத்தை எல்லோரும் இரண்டு பேர் ஆடுவது என்று நினைக்கிறார்கள். தனியாக ஆடுவதில்தான் சுகம் இருக்கிறது.

முதலில் ‘ட’ ஆட்டம். ட என்ற எழுத்துப் போலப் பந்துகளை வரிசையாக வைத்து, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒரே பாக்கெட்டில் போட்டுக்கொண்டே வர வேண்டும். இடையில் ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி முதலிலிருந்து. அடுத்தது நிறுத்தாட்டம். ஒரே பந்து, ஒரே பாக்கெட், ஐம்பது தடவை. அடிபட்ட பந்து உள்ளே போக வேண்டும், ஸ்டிக்கால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் நாற்பதாவது தடவை வெள்ளை ஆணி அடித்தது போல நிற்கும்போது, ஒர்க்‌ஷாப்பில் எட்டு மணி நேரம் பட்டதெல்லாம் உடம்பிலிருந்து இறங்கிப் போகும்.

இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் பந்து ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அரை அங்குலம் நகர்ந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். அதற்காக டேபிள் துணி மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினோம். ட ஆட்டத்துக்குச் சிவப்பு, நிறுத்தாட்டத்துக்குக் கறுப்பு. பொட்டு பூரணியுடையது. பாக்கெட்டிலிருந்து பந்தை எடுத்துப் பொட்டு மேல் வைப்பதும் பூரணிதான். என் தங்கை. கட்டட இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரைகிற வேலை என்பதால் அவளுக்குக் கண் துல்லியம். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நான் தனியாக ஆடுவேன், அவள் பந்து வைப்பாள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பேயாட்டம். மூன்று பந்தைக் கலைத்துவிட்டு, வெள்ளையை இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து ஆடலாம். மூன்றையும் தவறாமல் போட்டால் எனக்கு ஒரு புள்ளி. ஒன்று தவறினாலும் புள்ளி எதிராளிக்கு. அந்த எதிராளி கண்ணுக்குத் தெரியாதவர். அவர் தவறவே மாட்டார், நான் தவறுவதற்காகக் காத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். மற்ற ஊர்களில் அவரைப் பேய் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தேன்.

“இன்னைக்கு மாப்ள அஞ்சு, நீ மூணு” என்பாள் பூரணி.

“மாப்ளைக்கு நேரம் நல்லாருக்கு” என்பேன்.

ஏன் அந்தப் பெயரை வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கிண்டலுக்குத்தான்.

டேபிள் வந்த மாதமே பூரணிக்கு முதல் வரன் வந்தது. அவளுக்கு அப்போது இருபத்தேழு, எனக்கு முப்பத்தாறு. அப்பா முன்பே இறந்துவிட்டார், அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. தங்கைக்கு முடித்துவிட்டுத்தான் தனக்கு என்று இருக்கிற அண்ணன்கள் எங்கள் பக்கம் நிறைய. நானும் அப்படித்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. கோயிலில் எனக்கு முதலில் வழி விட்டார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. நல்ல பையன். ஜாதகம் கேட்டார்கள். பூரணியின் பிறந்த நேரம் அம்மாவின் நோட்டில் மட்டும்தான் இருந்தது. ‘காலை 6.10. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிப் பத்து நிமிஷம். நல்ல மழை’ என்று எழுதியிருந்தாள். ஜோசியரிடம் போய்க் கம்ப்யூட்டரில் ஜாதகம் எடுத்தேன். சுத்த ஜாதகம் என்றார் அவர். செவ்வாய் ஆறாம் இடத்தில் இருக்கிறது, எந்த வீட்டுக்கும் மகராசியாகப் போகலாம் என்றார்.

“இதுவே ஒரு ரெண்டு மணி நேரம் முன்னாடி பொறந்திருந்தா?” என்று சும்மா கேட்டேன்.

“லக்னம் ஒரு கட்டம் பின்னால போயிரும். செவ்வா ஏழுல வந்து உக்காந்திருக்கும். களத்திர தோஷம். நல்ல வேளை” என்றார்.

அடுத்த நாள் வேறொரு ஜோசியரிடம் போனேன். பிறந்த நேரம் காலை நாலு பத்து என்று சொன்னேன்.

இதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதாவது, அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். செவ்வாயை நான் தொடவே இல்லை. வானத்தில் அது எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது. லக்னத்தை மட்டும் ஒரு கட்டம் நகர்த்தினேன். பூல் ஆடுகிறவர்களுக்கு இது புரியும். பந்து அடைத்துக்கொண்டு நின்றால் அதைக் கையால் நகர்த்தக் கூடாது, ஃபவுல். வெள்ளையை வேறு இடத்துக்குக் கொண்டுவந்து நின்றால் போதும். டேபிள் முழுக்க மாறிவிடும்.

மஸ்கட்காரர்கள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போன் செய்தார்கள். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், பையனுக்கு இல்லை, சேராது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பரவாயில்லை என்றேன். பூரணி அன்று கேசரி கிண்டியிருந்தாள். இருவருமாகச் சாப்பிட்டோம். பிறகு ட ஆட்டத்தில் முதன்முதலாகப் பன்னிரண்டு பந்து வரை போனேன்.

நாலு பத்து என்று ஒரு தடவை சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல முடியாதல்லவா. அதனால் அடுத்து வந்த மூன்று வரன்களுக்கும் அதே ஜாதகம்தான் போனது. ஒவ்வொரு தடவையும் ஹாலில் டேபிள் மேல் ஜமக்காளத்தை விரித்து, அதன் மேல் பஜ்ஜித் தட்டு வைத்து, பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜாதகம் பார்த்துவிட்டுத் திரும்பி வரவில்லை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனா” என்று எதிர்வீட்டு அழகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முன்னால் நான் கொஞ்சம் தோளைக் குனிந்து நடப்பேன். பாரம் சுமக்கிற அண்ணன்களின் தோள் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம்.

ஐந்தாவது ஆள் செந்தமிழன். இவன் விஷயத்தில் ஜாதகம் உதவவில்லை.

பூரணியின் ஆபீசில் சைட் இன்ஜினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு. வந்தவன் டேபிளைப் பார்த்தான். “அண்ணே, ஒரு ஆட்டம் போடலாமா?” என்றான். கல்லூரியில் கொஞ்சம் ஆடியிருக்கிறானாம். நான் ஐந்து வருடமாகத் தினம் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தவன். பத்து நிமிடத்தில் தோற்றேன். தனியாக ஆடுகிறவன் எதிரில் ஆள் நின்றால் எப்படி நிற்பது என்று கற்றுக்கொள்வதே இல்லை. அந்தக் குட்டை ஸ்டிக்கை எடுத்து நான் சுவரோரம் குனிந்தபோது செந்தமிழன் ஏதோ சொன்னான், பூரணி சிரித்தாள். வாய் விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது.

“எனக்கு ஜாதகம் கீதகம் எதுலயும் நம்பிக்கை இல்லண்ணே. அவங்களுக்குச் சம்மதம்னா எனக்குச் சம்மதம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு வந்தபோது அவனை மாடிக்கு அழைத்துப் போனேன். “தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. பூரணிக்கு இஷ்டம் இல்ல. உங்க மொகத்தப் பாத்துச் சொல்லக் கூச்சப்படுது. ஆபீஸ்ல எதுவும் கேட்டுடாதீங்க, அது தாங்காது” என்றேன். அவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் தலையாட்டினான். “சரிங்கண்ணே” என்று கீழே இறங்கினான். காபியோடு எதிரே வந்த பூரணியை நிமிர்ந்து பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தக் காபியை நான் குடித்தேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

பூரணியிடம், “அவங்கம்மா ஜாதகம் பாத்துட்டாங்களாம்மா” என்று மட்டும் சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கழுவ எடுத்துப் போனாள். ஒரு மாதத்தில் அந்த ஆபீசை விட்டு ஸ்ரீரங்கத்தில் வேறொரு இன்ஜினியரிடம் சேர்ந்தாள். காட்டூரிலிருந்து ஒரு பஸ், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ். வீடு வந்து சேர ஆறே கால் ஆகிவிடும். என் பயிற்சி முக்கால் மணி நேரம் குறைந்தது. அவளுக்காக நான் விட்டுக்கொடுத்ததில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் முன்போலவே பந்து வைத்தாள். புள்ளி சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஆறு வருடம் எந்த வரனும் வரவில்லை. எனக்கு நாற்பத்தேழு ஆயிற்று, பேயாட்டத்தில் மூன்று பந்திலிருந்து ஏழு பந்து வரை வந்துவிட்டேன். இனி எல்லாம் நல்லபடியாகப் போகும் என்று நினைத்திருந்த இந்த ஆவணியில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து மாத்ருபூதம் வந்தார். கீழச்சித்திரை வீதியில் பாத்திரக் கடை. வயது நாற்பத்து நாலு. கூட அவருடைய அக்கா பிரேமலதா. ஏதோ கல்யாண மையத்தில் பூரணியின் ஜாதகம் கிடைத்ததாம். பழைய பிரதி எங்கேயோ தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏங்க, இது என்ன, கட்டிலா?” என்று பிரேமலதா ஜமக்காளத்தைத் தட்டிப் பார்த்தார்.

“பூல் டேபிள்ங்க. பந்தாட்டம்.”

“யாரு ஆடுவீங்க?”

“நான்தான். தனியா ஆடுவேன்.”

அவர் ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கினார். “ஆத்தாடி, இம்புட்டுப் பொட்டு. சமயபுரத்தாளுக்குக்கூட இத்தன ஒட்ட மாட்டாங்க.”

“நான்தாங்க ஒட்டுனேன். அண்ணன் தனியா ஆடணும்ல” என்றாள் பூரணி, பஜ்ஜித் தட்டை வைத்தபடி.

“ஏழுல செவ்வா இருக்குற பொண்ணாத் தேடித் தேடி எந்தம்பிக்கு முடியே கொட்டிப் போச்சுங்க.”

“அது அதுக்கு முன்னாடியே கொட்டிருச்சுக்கா” என்றார் மாத்ருபூதம். அன்று அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் ஏழில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம் சேரும். சேருவது மட்டுமில்லை, அதுதான் பொருத்தத்திலேயே பெரிய பொருத்தம். பதினோரு வருடமாக நான் கட்டிய சுவரில் ஒரே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் இருந்திருக்கிறது. அதற்கு நானே அளவெடுத்து நிலை வைத்திருக்கிறேன். ஃபிட்டர் அல்லவா.

“பத்துக்கு ஒம்போது” என்று விரலை மடக்கிக் காட்டினார் பிரேமலதா. “ஐப்பசியில முகூர்த்தம் வச்சுக்கலாமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். தெருவே மெச்சிய அண்ணன் வேறு என்ன செய்ய முடியும்.

அன்றிலிருந்துதான் என் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. இத்தனை வருடம் அது ஏன் சும்மா இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்துவது பாவம் என்று திடீரென்று தோன்றியது. தோஷமில்லாத பெண்ணைத் தோஷமுள்ளவருக்குக் கொடுத்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நாலு வரன்கள் தட்டிப்போனபோது எழாத இந்தக் கேள்வி, ஒன்று கூடி வந்ததும் என்னைத் தூங்க விடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பூரணியிடம் அல்ல. மாப்பிள்ளையிடம்.

போன ஞாயிறு காலை சத்திரத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். மாத்ருபூதம் கடையில் ஒரு குத்துவிளக்கைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க மச்சான். உக்காருங்க.”

நின்றுகொண்டே சொன்னேன். நேரத்தை மாற்றியது நான், நிஜத்தில் ஆறு பத்து, அவளுக்குத் தோஷமே இல்லை, இந்த ஜாதகம் சேராது. நன்றாகத்தான் சொன்னேன். இடையில் ஒரு இடத்தில் குரல்கூட உடைந்தது. பஸ்ஸிலேயே அதை ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் விளக்குக்கு நூல் கட்டி முடித்தார். “ஆறு பத்து, சங்கு ஊதிப் பத்து நிமிசம், நல்ல மழை. பூரணி மொத நாளே சொல்லிட்டாங்க மச்சான்.”

நான் உட்கார்ந்தேன்.

“மையத்துல அந்த நாலு பத்து ஜாதகத்தப் பதிஞ்சதே அவங்கதான். ஏழுல செவ்வா இருக்குற ஆளு வந்தா அண்ணனால ஒன்னும் சொல்ல முடியாதுன்னாங்க. சொல்றதுன்னா உண்மையத்தான் சொல்லணும், அதுக்கு ஒருநா கடைக்கு வரும், வந்தா மோர் குடுங்கன்னாங்க.” உள்ளே திரும்பி, “மோர் ஒன்னு” என்றார்.

“உங்க அக்காவுக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“அக்காவுக்குத் தெரிஞ்சா ஒங்க பொன்மலை வரைக்கும் தெரிஞ்சுரும். நீங்க சொல்லிக்கிறதுன்னா சொல்லிக்கங்க. யாரு மாத்துனதுன்னு அப்புறம் கேப்பாங்க.”

“உங்களுக்குப் பயமில்லையா?”

“ஏழுல செவ்வாய வச்சுக்கிட்டு நாப்பத்தி நாலு வருசம் ஒத்தையா இருந்துட்டேன் மச்சான். அதவிட என்ன வந்துறப் போவுது. மோர் குடிங்க.”

குடித்தேன். கறிவேப்பிலை போட்டு நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. பூரணி ஹாலில், டேபிள் மேல் பெட்டியைத் திறந்து வைத்துப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் வரை எங்கள் அத்தை வீட்டில் இருந்துகொள்வதாக என்னிடம் சொல்லியிருந்தாள். அத்தைக்கு உடம்பு முடியவில்லை, அதற்காகத்தான் போகிறாள் என்று நான் நம்பியிருந்தேன்.

“மோர் குடிச்சியா?” என்றாள்.

“குடிச்சேன். எப்பத் தெரியும் உனக்கு?”

“போன சித்திரையில. டேபிளுக்குப் புதுத் துணி மாத்தணும்னு பரண்லேர்ந்து எடுக்கச் சொன்னல்ல? துணிக்குள்ளதான் அம்மா நோட்டு இருந்துச்சு.”

நோட்டை நான் மறைத்து வைத்த இடத்திலிருந்து என் வேலைக்காகவே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் என்னைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது.

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“நீயே சொல்லுவன்னு பாத்தேன்ணே. நோட்டத் தெரியுற மாதிரி டேபிள் மேலதான் வச்சிருந்தேன். நீ அதத் தள்ளி வச்சுட்டு, புதுத் துணியில பொட்டு ஒட்டச் சொன்ன.”

உண்மைதான். சிவப்புப் பொட்டு ஒன்று கோணலாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

அவள் கடைசிப் புடவையை மடித்து வைத்தாள். பெட்டியை மூடவில்லை. கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஜாதகத்த விடு. அதுக்கு நான் அழுது முடிச்சாச்சு. ஒன்னே ஒன்னு கேக்குறேன். செந்தமிழன் அன்னைக்கு மாடியில உங்கிட்ட என்னதான் சொன்னாரு?”

பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். உங்களிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னேனே. அதையே அவளிடமும் சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இறந்த வருடத்திலிருந்து தொண்டையிலேயே கிடந்தது முந்திக்கொண்டு வந்தது.

“போவாத பூரணி” என்றேன். “என் கூடவே இருந்துடு.”